முன்பு வரையும்போது கிடைத்த லயிப்பு இப்போது ஏன் வருவதில்லை?

கரிப்பென்சில் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாகப் பென்சிலால் மனித முகங்களை வரைந்து வருகிறேன். இது என் தொழில் அன்று. வேலை முடிந்த பிறகு எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் நேரம். தொடங்கிய காலத்தில், ஒரு கண்ணின் இமையை மட்டும் சரிசெய்துவிட்டு எழுந்துவிடலாம் என்று உட்கார்ந்தால், நிமிர்ந்து பார்க்கும்போது மூன்று மணி நேரம் கழிந்திருக்கும். யாரேனும் கூப்பிட்டிருந்தாலும் காதில் விழுந்திருக்காது, பசித்ததும் தெரிந்திருக்காது. அந்த மூன்று மணி நேரமும் மகிழ்ச்சியாக இருந்தேனா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது, ஏனெனில் அப்போது என்னைப் பற்றிய நினைப்பே எனக்கு இருந்ததில்லை. ஆனால் எழும்போது மனம் கழுவிவிட்டாற்போல் தெளிவாக இருக்கும்.

கடந்த ஓராண்டாக அது வருவதில்லை. கை முன்பைவிட நன்றாகவே வரைகிறது; ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் அச்சு அசலாக வரைந்து விடுகிறேன், பார்ப்பவர்கள் பாராட்டவும் செய்கிறார்கள். ஆயினும் பத்து நிமிடத்தில் மனம் வேறெங்கோ போய்விடுகிறது, கை தானாகக் கைபேசியைத் தேடுகிறது. இது வயதா, களைப்பா, கைபேசிப் பழக்கமா? அந்த நிலையை முயன்று வரவழைக்க முடியுமா, அல்லது அது தானாக வந்தால்தான் உண்டா? அனுபவத்திலோ படிப்பிலோ தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நெடுவாசகன்:

நீங்கள் விவரித்திருக்கும் அனுபவத்தை உளவியலில் ‘ஃப்ளோ’ என்கிறார்கள். அப்பெயரை இட்டவர் ஹங்கேரிய வழிவந்த அமெரிக்க உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி (1934–2021). அவர் பேட்டி கண்டவர்களில் பலர், ஏதோ ஒரு நீரோட்டம் தங்களை ஏந்திச் சென்றதுபோல் இருந்ததாகச் சொன்னதால் அந்தப் பெயர் அமைந்தது. தமிழில் நீங்கள் எழுதியிருக்கும் ‘லயிப்பு’ என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

உங்கள் கேள்விக்கும் அவருடைய ஆராய்ச்சிக்கும் தொடக்கப்புள்ளி ஒன்றே. 1960களில் சிகாகோவில் ஓவியம் பயிலும் மாணவர்களை அவர் கவனித்தார். படம் நன்றாக அமைந்துவரும் வேளையில் பசி, களைப்பு, உடல் நோவு எதையும் பொருட்படுத்தாமல் வரைந்தவர்கள், அது முடிந்த உடனே அதில் அக்கறை இழந்து அடுத்த வெற்றுத் திரையை நோக்கிப் போனார்கள். அவர்களை அத்தனை நேரம் இருத்தி வைத்தது முடிந்த படமோ அதற்குக் கிடைக்கும் பணமோ அன்று என்றால் வேறு எது என்ற கேள்வியிலிருந்துதான் அவர் சதுரங்க ஆட்டக்காரர்கள், மலையேறுபவர்கள், நடனக் கலைஞர்கள், அறுவை மருத்துவர்கள் என்று ஒவ்வொருவராகத் தேடிச் சென்று கேட்டார். 1975இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. 1990இல் வந்த நூல் பொதுவாசகர்களிடையே பரவியது.

எல்லாருடைய விவரிப்பிலும் சில நிபந்தனைகள் திரும்பத் திரும்ப வந்தன. அடுத்த கணம் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்பது உடனே தெரிய வேண்டும். செயலின் கடினமும் செய்பவரின் திறனும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். உங்கள் சிக்கல் மூன்றாவதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். திறனைவிடக் கடினம் மிகுந்தால் பதற்றம் வருகிறது, கடினத்தைவிடத் திறன் மிகுந்தால் சலிப்பு வருகிறது. பன்னிரண்டு ஆண்டுகளில் உங்கள் கை வளர்ந்துவிட்டது. ஆனால் நீங்கள் அதற்குக் கொடுக்கும் வேலை, புகைப்படத்தைப் பார்த்து ஒரு முகம் என்ற அளவிலேயே நின்றுவிட்டது.

கைபேசியைப் பற்றியும் இதை வைத்தே சொல்லலாம். நம் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. ஒரு செயல் அந்த அளவு முழுவதையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளும்போது, நம்மைப் பற்றி நினைப்பதற்கோ நேரத்தை எண்ணுவதற்கோ எதுவும் மிஞ்சுவதில்லை. ‘நான்’ என்ற நினைப்பு மறைவதற்குக் காரணம் இதுதான் என்பது அவருடைய விளக்கம். ஒரு முகத்தை வரைய இன்று உங்கள் கவனத்தில் பாதி போதும். மீதிப் பாதி சும்மா இருக்காது. கவலையைத் தேடும், அல்லது கைபேசியைத் தேடும். அதைப் பூட்டி வைத்தால் ஓரளவு உதவும் என்றாலும், மிஞ்சிய கவனத்துக்கு வேலை கொடுக்காதவரை அமைதியின்மை போகாது.

ஆகவே புகைப்படத்தை விட்டுவிட்டு, எதிரே அமர்ந்திருக்கும் மனிதரை வரையுங்கள். புகைப்படம் மூன்று பரிமாணங்களை ஏற்கெனவே தட்டையாக்கிக் கொடுத்துவிடுகிறது. உயிருள்ள முகத்தில் அந்த வேலையை நீங்களே செய்தாக வேண்டும், அதோடு அது அசையவும் செய்யும். அல்லது விரல்கள் உங்களை நோக்கி நீண்டிருக்கும் ஒரு கையை, அழிப்பானைத் தொடாமல் வரைந்து பாருங்கள். சிறிது நேரத்துக்கு ஒருமுறை படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தால், பழகிப்போன கண்ணுக்குத் தெரியாத கோணல்கள் பளிச்சென்று தெரியும்; உடனே தெரிய வேண்டும் என்ற நிபந்தனைக்கு அது துணைசெய்யும்.

இன்னொன்று. நேரம் மறந்துபோவதை இதற்கு அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நொடிகூடப் பிடிக்காத சுழற்சி பல நிமிடங்களாக நீண்டது போலிருந்தது என்று நடனக் கலைஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். அறுவை மருத்துவர்களோ முழுமையாக மூழ்கியிருந்தபோதும் எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைச் சரியாக அறிந்திருந்தார்கள், ஏனெனில் அவர்களுக்கு நேரமும் வேலையின் ஒரு பகுதி.

ஏழாம் கட்டம்:

கடினத்தின் அளவு பற்றி மேலே நண்பர் சொன்னதைச் சதுரங்கத்தில் எண்ணாகவே பார்க்கலாம். ஆட்டக்காரர்களின் பலத்தை எண்ணால் குறிக்கும் எலோ தரப்புள்ளி முறையில், எதிராளி நம்மைவிட 100 புள்ளி கூடியவராக இருந்தால், சமனில் முடியும் ஆட்டத்தை அரை வெற்றியாகக் கணக்கிட்டு, நாம் எதிர்பார்க்கக்கூடிய வெற்றி விகிதம் ஏறத்தாழ 36 விழுக்காடு. 200 புள்ளி கூடியவராக இருந்தால் ஏறத்தாழ 24 விழுக்காடு. நான் ஆடியவரையில், என்னைவிட 50 முதல் 100 புள்ளி வரை கூடியவரிடம் ஆடும்போதுதான் பலகையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை. அதற்கு மேலே போனால் தோற்றுவிடுவோம் என்ற நினைப்பு முந்திக்கொள்கிறது. ஓவியத்தில் இப்படி எண் கிடையாது என்பதால், சற்றே தோற்கக்கூடிய இடம் எது என்பதை நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

கருப்பு வெள்ளைக் கட்டை:

பியானோ கற்பிப்பவள் என்ற முறையில் மேலே சொல்லப்பட்டதில் ஒரு பகுதியை மறுக்க விரும்புகிறேன். கடினத்தைக் கூட்டினால் லயிப்பு வந்துவிடும் என்று நம்பி உட்காருபவர்கள், முதல் வாரத்திலேயே மனம் உடைந்து போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

1993இல் உளவியலாளர் ஆன்டர்ஸ் எரிக்சனும் அவருடன் ஆய்வு செய்தவர்களும், பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திறனை வளர்க்கும் பயிற்சி, அதாவது நமக்கு வராத இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு திருத்தித் திருத்திச் செய்யும் பயிற்சி, இயல்பில் இன்பமானதன்று. அதற்கு முயற்சி தேவை, அதை நெடுநேரம் தொடரவும் இயலாது என்பது அவர்கள் கருத்து. என் அனுபவமும் அதுவே. இசையில் வராத ஒரு சிறு பகுதியை எடுத்துக்கொண்டு, இடக்கையைத் தனியாகவும் வலக்கையைத் தனியாகவும், தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து வாசிக்கும்போது நான் ஒருபோதும் என்னை மறந்ததில்லை. என்னை மறக்கவும் கூடாது, ஏனெனில் நான்காம் விரல் ஏன் பிந்துகிறது என்று வெளியே நின்று பார்க்க ஒரு ‘நான்’ அங்கே தேவைப்படுகிறது. லயிப்பு வருவது அந்த இடம் கைக்குள் வந்து, முழு இசையையும் தொடக்கத்திலிருந்து வாசிக்கும் நாளில்.

ஆகவே கரிப்பென்சில் அவர்களுக்கு நான் சொல்வது: புதிய கடினத்துக்குள் போகும்போது முதலில் கிடைக்கப்போவது லயிப்பு அன்று, தடுமாற்றம். அது வரவில்லையே என்று அந்த வேளையில் தன்னைத்தானே சோதித்துக்கொண்டிருந்தால் எப்போதும் வராது. ‘நான் இப்போது மூழ்கியிருக்கிறேனா’ என்ற கேள்வியே கரைக்கு இழுத்து வந்துவிடும். பயிற்சிக்கு ஒரு நேரத்தையும், தெரிந்ததைக் கொண்டு முழுப்படம் வரைய வேறொரு நேரத்தையும் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. நான் முதல் இருபத்தைந்து நிமிடத்தைப் பயிற்சிக்குக் கொடுத்துவிட்டு, பிறகு கடிகாரத்தைப் பார்க்காமல் வாசிக்கிறேன்.

நள்ளிரவு நிரலாளர்:

இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். முதலாவது சிறியது. நீங்கள் ‘வேலை முடிந்த பிறகு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வேலையை முடிக்காமல் வேறொன்றுக்கு மாறினால், கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை 2009இல் மேலாண்மைத் துறை ஆய்வாளர் சோஃபி லெரோய் தம் ஆய்வில் காட்டினார். அதைக் கவன எச்சம் என்று சொல்லலாம். அலுவலகத்தில் முடியாமல் விட்டதையும் நாளை எங்கே தொடங்குவேன் என்பதையும் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்தால், மாலையில் என் மனம் அங்கே திரும்பிப் போவது குறைந்திருக்கிறது.

இரண்டாவதை மனம் கனத்து எழுதுகிறேன். மூழ்கிப்போவது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடுவதில்லை. நான் ஒரு கணினி விளையாட்டில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளின் இரவுகளைக் கொடுத்தேன். தெளிவான இலக்கு, நொடிக்கு நொடி விடை, என் திறனுக்கேற்பத் தானே கூடும் கடினம் என்று மேலே சொன்ன நிபந்தனைகள் எல்லாம் அதில் பழுதின்றி அமைந்திருந்தன, ஏனெனில் அப்படி அமைப்பதையே அதை உருவாக்கியவர்கள் தொழிலாகக் கொண்டவர்கள். லாஸ் வேகாஸில் சூதாட்ட எந்திரங்களின் முன் அமர்ந்திருப்பவர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானுடவியலாளர் நடாஷா டவ் ஷூல், அவர்களில் பலர் வெல்வதற்காக ஆடவில்லை, தம்மையும் உலகையும் மறக்கும் அந்த நிலையில் நீடிப்பதற்காகவே ஆடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது என்னைப் பற்றிப் படிப்பதுபோல் இருந்தது. எல்லா விளையாட்டும் அப்படி என்று நான் சொல்லவில்லை. விளையாட்டினால் திறமையும் நட்பும் பெற்றவர்கள் உண்டு. என் வரையில், எழும்போது எப்படி இருந்தேன் என்பதில்தான் வேறுபாடு தெரிந்தது. நிரல் எழுதி மூழ்கிய இரவுகளில், உடல் களைத்தாலும் மறுநாள் தொடர்வதற்கு ஒரு முனை கையில் இருந்தது. விளையாடிய இரவுகளில் எழுந்திருக்கவே அச்சமாக இருந்தது. ‘மனம் கழுவிவிட்டாற்போல்’ என்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும், உங்களுக்குக் கிடைத்தது முதல் வகை என்று உறுதியாகத் தோன்றியது. அதைத் தேடிப் போங்கள்.

கரிப்பென்சில்:

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

புகைப்படங்களை எடுத்து வைத்துவிட்டு, என் இடக்கையை மேசைமேல் விரல்கள் என்னை நோக்கி நீண்டிருக்குமாறு வைத்து, வலக்கையால் வரையத் தொடங்கினேன். முதல் ஐந்து நாள்கள் ஆசிரியை சொன்னது போலவே தடுமாற்றம்தான். நீளமாக இருக்க வேண்டும் என்று மனம் அறிந்திருக்கும் விரல், கண்ணுக்கு வெறும் மூன்று வட்டங்களாகத் தெரிகிறது. கையோ மனம் அறிந்ததையே வரைகிறது, கண்ட வடிவத்தை வரைய மறுக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகள் வரைந்தவனுக்கு இதுகூட வரவில்லையா என்று வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த ஐந்து நாள்களில் ஒருமுறைகூடக் கைபேசியின் நினைவு வரவில்லை என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன்.

இரண்டாம் வாரத்திலிருந்து நேரத்தைப் பிரித்துக்கொண்டேன். முதல் அரைமணி நேரம் ஒரே ஒரு விரல், கண்ணாடியில் காட்டித் திருத்துவதோடு சேர்த்து. அதன் பிறகு முழுக் கையும். நேற்று முன்தினம் முழுக் கையை வரைந்துகொண்டிருந்தபோது, விளக்கின் வெளிச்சம் போதவில்லையே என்று நிமிர்ந்தேன், வெளியே இருட்டிவிட்டிருந்தது. நான் உட்கார்ந்தது நல்ல வெயிலில். இடக்கை மரத்துப்போயிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

ஏழாம் கட்டம் அவர்களுக்கு: நான் தோற்கும் இடம் கட்டைவிரலின் அடிப்பகுதி. மற்ற நான்கு விரல்களும் ஒரு திசையில் இருக்க, அது மட்டும் வேறு தளத்தில் திரும்பியிருப்பதால், நிழல் எங்கே தொடங்குகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை. நாளை விளக்கை இடப்பக்கம் தாழ வைத்துப் பார்க்கப் போகிறேன்.