சங்கங்குப்பியை அடையாளம் காண்பது: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கம் உப்பங்கழிக் கரைகளில் சங்கங்குப்பிச் செடி தட்டுப்படும். சேற்றுக்குள் தேட வேண்டாம். அதற்கு மேலே கரைமேட்டில் புதராகச் சாய்ந்து கிடக்கும். பக்கத்தில் மரம் இருந்தால் அதன்மேல் ஏறிவிடும். கணுவுக்கு இரண்டு இலை எதிரெதிராக, சில கிளைகளில் மூன்று. இலை 3 முதல் 8 செ.மீ., பளபளப்பு, விளிம்பில் பல் கிடையாது. கசக்கினால் காட்டமான வாடை.

பூத்திருந்தால் குழப்பமே இல்லை. பெரும்பாலும் மூன்று மூன்றாக வெள்ளைப் பூக்கள். மெல்லிய நீளக் குழல், நுனியில் ஐந்து இதழ். அதைத் தாண்டிச் செந்நீல நிறத்தில் நான்கு கேசரங்கள் (மகரந்தத் தாள்கள்) நீட்டிக்கொண்டிருக்கும். அழகான பூ, நின்று பாருங்கள்.

---

இலையைக் கசக்கும் முன் கணுவைப் பாருங்கள். அதே கரையில் தில்லை என்ற அலையாத்தி மரமும் வளரும். தில்லை இலைகள் மாறி மாறி இருக்கும். உதிரப்போகும் இலை சிவக்கும். ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் தேய்க்காமல் நல்ல தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சங்கங்குப்பியில் பால் வராது. ஆனால் ஒடித்துப் பார்ப்பதை முதல் சோதனையாக வைக்காதீர்கள், சுவைத்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம்.

---

பூ இல்லாத நாளில் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் கன்றும் ஏமாற்றும், அதற்கும் எதிரெதிர் இலைதான். இலையைத் திருப்புங்கள்: வெண்கண்டலுக்கு அடிப்புறம் சாம்பல் வெளுப்பு, மேலே உப்புத் துகள் படிந்திருக்கும். சங்கங்குப்பிக்கு இரு பக்கமும் பச்சை. கணுவில் முள் இருந்தால் அது இசங்கு. முட்சங்கன் என்பதும் அதுவே. சங்கங்குப்பிக் காய் கிடைத்தால் இன்னும் நல்லது. அடியில் புல்லிக் கிண்ணம் (பூவைத் தாங்கியிருந்த பச்சைக் கிண்ணம்) ஒட்டியிருக்கும், முற்றியதும் நான்காகப் பிளக்கும். தக்கைத்தன்மை உள்ளதால் தண்ணீரில் மிதந்து பரவும்.

---

பழைய நூல்களில் சங்கங்குப்பியின் அறிவியல் பெயர் கிளெரோடெண்ட்ரம் இனெர்மி என்று இருக்கும். மரபணு ஆய்வுக்குப் பின் 2010இலிருந்து, தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த வோல்காமேரியா இனெர்மிஸ் என்ற பெயருக்கே திரும்பிவிட்டார்கள். இரண்டையும் தேடுங்கள்.

வேலிக்கு வேண்டுமென்றால் புதரைப் பிடுங்காதீர்கள், அது கரைமண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. பென்சில் கனமுள்ள முற்றிய கிளையில் 15 முதல் 20 செ.மீ. வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் போதும். இளநுனி வேர் விடுவதற்குள் அழுகிவிடும்.