பழைய சொகுசு எஸ்யூவி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: உண்மையில் செலவு வைப்பது எது?

ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை வண்டியைத் தாங்குவது) என்றாலே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். பயப்பட வேண்டிய வரிசையில் அதற்கு முதலிடம் இல்லை. ரப்பர் காற்றுப்பை வயதானால் மடிப்பில் விரிசல் விடும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் சக்கரத்தைக் கழற்றினால் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. இந்த வகை வண்டிகளில் பாகத்தின் விலையைவிட, அதைத் தொடுவதற்கு எத்தனை பொருளைக் கழற்ற வேண்டும் என்பதுதான் பில்லை ஏற்றும்.

வாங்குவதற்காக வண்டியைப் பார்க்கப் போகும்போது இப்படிச் செய்யுங்கள். முந்தின இரவு நிறுத்திய இடத்திலிருந்து வண்டியை நகர்த்த வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன், சக்கர நடுமையத்திலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் 10 மிமீக்கு மேல் வித்தியாசம் வந்தால் தாழ்ந்த மூலையில் கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். சோப்புத் தண்ணீரைப் பையின் கீழ் மடிப்பிலும், ஸ்ட்ரட் (பை பொருத்திய தூண்) தலையில் குழாய் சேரும் இடத்திலும், காற்றை ஒவ்வொரு பைக்கும் பிரித்துவிடும் வால்வு பிளாக்கிலும் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

சின்னக் கசிவை விட்டுவைத்தால் அடுத்த பலி, பைக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசர்தான். ஓயாமல் ஓடி ரிங் தேயும், ஈரம் உறிஞ்சும் மணிகள் நிறைந்துபோகும். கம்ப்ரசர் மாற்றும்போது அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேவையும் சேர்த்தே மாற்றுங்கள். காண்டாக்ட் ஒட்டிக்கொண்ட பழைய ரிலே, புது கம்ப்ரசரையும் நிற்கவிடாமல் ஓட்டி எரித்துவிடும். பை கசிய, கம்ப்ரசரை மட்டும் மாற்றுவது வீண் செலவு. ஜாக்கி போடும் முன் ஜாக் மோடு (சஸ்பென்ஷன் தானாக உயரம் மாற்றாமல் நிறுத்திவைப்பது) போட மறக்காதீர்கள்.

*

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். என் பட்டியலில் முதலிடம் வி வடிவ இன்ஜினில் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையே இருக்கும் நடுப்பள்ளத்துக்கு. அங்கே ஒளிந்திருக்கும் பொருள் எதுவானாலும் செலவு.

மெர்சிடிஸ் எம்எல், ஜிஎல் வண்டிகளில் வந்த ஓஎம்642 டீசல் வி6ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் கூலர் அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் சீல் சூட்டில் இறுகி ஆயில் கசியும். சீல் விலை ஒன்றுமே இல்லை. ஆனால் டர்போவையும் இன்டேக் மேனிஃபோல்டுகளையும் இறக்கினால்தான் கை போகும். கசியும் ஆயில் பின்பக்கமாக வழிந்து கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டுவதால், கிராங்கின் பின் சீல் போய்விட்டது என்று தவறாகக் கணித்து கியர்பாக்ஸை இறக்கிவிடுவார்கள். முதலில் டார்ச் அடித்துப் பள்ளத்தின் பின்கோடியைப் பாருங்கள். ஆரம்பத்தில் வந்த சீல் ஆரஞ்சு நிறம், பின்னர் வந்த மேம்பட்ட வைட்டான் சீல் ஊதா. முன்னமே மாற்றியதாகச் சொன்னால் பில்லைக் கேளுங்கள்.

2003 முதல் 2006 வரை வந்த போர்ஷே கேயென் வி8இலும் இதே கதைதான். அதே பள்ளத்தில் கூலண்ட் குழாய்கள், அதுவும் பிளாஸ்டிக்கில். வயதானால் நொறுங்கும். கூலண்ட் மொத்தமும் அடியில் இருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் கொட்டும். அலுமினியக் குழாய் போட்ட வண்டி என்றால் ஒரு பெரிய வேலை முடிந்துவிட்டது. அதே வண்டியில் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் போகும் ஷாஃப்டின் நடு பேரிங் ரப்பர் கிழிந்தால், ஆக்சிலரேட்டர் அழுத்தும்போது தரைக்கடியில் தடதடவென்று சுத்தியல் அடிக்கிற மாதிரி கேட்கும். அது பெரிய விஷயமில்லை, அடியிலிருந்தே மாற்றலாம்.

பிஎம்டபிள்யூ எக்ஸ்5 டீசலில் பழைய எம்57 இன்ஜினுக்கு டைமிங் செயின் முன்னால் இருந்தது. அடுத்து வந்த என்57இல் அது கியர்பாக்ஸ் பக்கம், பின்னால் போய்விட்டது. செயினில் கை வைக்க வேண்டுமானால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பின்பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். சரசரவென்று உரசும் ஓசை சில நொடிக்கு மேல் நீடித்தால் அந்த வண்டி வேண்டாம்.

வி நடுவிலேயே டர்போ வைத்த பெட்ரோல் வி8 இன்ஜின்களில் சூடு மேலே தேங்கி வால்வு சீல்கள் இறுகிவிடும். 15 நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு, பிறகு ஆக்சிலரேட்டரை அழுத்தி விடுங்கள். நீலப் புகை மேகமாக வந்தால் வால்வு சீல் தேய்ந்து ஆயில் சிலிண்டருக்குள் இறங்குகிறது என்று அர்த்தம்.

*

லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3, 4, முதல் தலைமுறை ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: டர்போ போன்ற வேலைகளுக்குப் பல பட்டறைகளில் பாடியையே சேஸிஸிலிருந்து தூக்கிவிடுகிறார்கள், அதுதான் வேகம் என்று. தூக்கும் வசதியும் பழக்கமும் இருக்கும் பட்டறையை முதலில் கண்டுபிடியுங்கள், வண்டியை அப்புறம் தேடலாம். டீசல் வி6 என்றால் ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்து, மடிப்புகளில் உலோகத் துகள் மின்னுகிறதா என்று பாருங்கள். கிராங்க் பேரிங் பிரச்சினைக்குப் பெயர் போன குடும்பம் அது.

*

கியர்பாக்ஸ் பற்றி யாரும் எழுதவில்லை. பல நிறுவனங்கள் பொருத்தும் இசட்எஃப் 8எச்பி ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி அருமையானது, ஆயிலை மாற்றினால். ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று வண்டிக் கம்பெனி சொல்லும். பெட்டியைத் தயாரிக்கும் இசட்எஃப் சொல்வது 80,000 முதல் 1,20,000 கிமீக்குள் மாற்று என்று. நான் பெட்டி செய்தவன் பேச்சைத்தான் கேட்பேன்.

பெரும்பாலான வண்டிகளில் அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதற்குள்ளேயே. அதனால் தட்டோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இசட்எஃப் கிட்டில் 7 லிட்டர் ஆயில் வரும். இன்ஜினையும் பெட்டியையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருப்பது வடியாது, பழைய ஆயிலில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். பரவாயில்லை. அளவு பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வண்டி சமமாக நிற்க வேண்டும், இன்ஜின் ஓட வேண்டும், பெட்டி ஆயிலின் சூடு ஸ்கேனரில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்க வேண்டும். எல்லா கியரிலும் ஒருமுறை போட்டுவிட்டு, நிரப்பும் துளையில் ஆயில் மெல்லிய நூலாக வழியும்போது மூட வேண்டும். சூடேறிய பிறகு பார்த்தால் ஆயில் விரிந்திருக்கும், அளவு சரி என்று காட்டி உண்மையில் குறைந்திருக்கும்.

ஓட்டிப் பார்க்கும்போது லேசான ஆக்சிலரேட்டரில் 60 முதல் 80 கிமீ வேகத்தில் மெல்லிய நடுக்கம் வருகிறதா, நிற்கப்போகும்போது 2இலிருந்து 1க்கு இறங்கையில் முட்டு வருகிறதா என்று கவனியுங்கள். மெர்சிடிஸ் 722.9 பெட்டியில் உள்ளிருக்கும் கண்டக்டர் பிளேட்டின் (சென்சார்கள் பதித்த மின் தட்டு) வேக சென்சார் போனால் ஒரே கியரில் மாட்டிக்கொள்ளும். அந்த பிளேட் திருட்டுத் தடுப்போடு கட்டப்பட்டது. மாற்றியபின் வண்டியோடு கோடிங் செய்தால்தான் வேலை செய்யும். பழைய பிளேட் வாங்கி மாட்டி ஏமாறாதீர்கள்.

*

டயர். நான்கும் ஒரே பிராண்ட், ஒரே பேட்டர்ன், தேய்மானத்தில் 2 மிமீக்கு மேல் வித்தியாசம் கூடாது. தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அதனால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் நேர் சாலையிலும் வழுக்கிக்கொண்டே இருக்கும், சூடாகும், தேயும். விற்பவர் முன்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, காலி இடத்தில் மெதுவாக வட்டம் அடித்துப் பாருங்கள். வண்டி திக்கித் திக்கி நகர்ந்தால் டயரிலோ டிரான்ஸ்ஃபர் கேஸிலோ கோளாறு.

பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வண்டிக் கம்பெனி ஒப்புக்கொண்ட டயரில் அதன் குறியும் இருக்கும்: பிஎம்டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ, போர்ஷேவுக்கு என் குறி. சுமை எண்ணையும் பாருங்கள்: 110 என்றால் ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும். 2 டன்னைத் தாண்டும் வண்டிக்கு அதில் சமரசம் வேண்டாம்.

*

ஸ்கேனரில் எரர் எதுவும் இல்லை என்று காட்டினால் உடனே நம்பிவிடக் கூடாது. அழித்துவிட்டுக் கூப்பிட்டிருக்கலாம். வண்டியின் எரர் கோடுகளைப் படிக்கும் சாதாரண ஓபிடி கருவியிலேயே ‘கோடு அழித்தபின் ஓடிய தூரம்’ என்று ஒரு வரி வரும். அது 20 கிமீ, ரெடினஸ் சோதனைகள் (வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்வது) பாதி முடியவில்லை என்றால் நேற்று அழித்திருக்கிறார்கள். கிலோமீட்டர் கணக்கு மீட்டரில் மட்டும் இல்லை, வேறு சில கண்ட்ரோல் யூனிட்டுகளிலும் பதிவாகும். அந்தந்தப் பிராண்டுக்கான ஸ்கேனரில் ஒவ்வொன்றாகத் திறந்து ஒப்பிடுங்கள்.

பெயின்ட் தடிமன் 80 முதல் 150 மைக்ரான் வரை கம்பெனி பூச்சு. 200க்கு மேல் மறுபூச்சு, 1,000 தாண்டினால் அடியில் பட்டி. 2012இல் வந்த ரேஞ்ச் ரோவர் போன்றவற்றின் பாடி முழுக்க அலுமினியம், காந்தம் ஒட்டவே ஒட்டாது. இரும்பல்லாத உலோகத்தையும் அளக்கும் கேஜ் வேண்டும்.

*

தண்ணீரையும் பேட்டரியையும் விட்டுவிட்டீர்கள்.

பனோரமிக் கூரையின் ஓரத் தொட்டியில் மூலைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடியில் சக்கரத்தருகே கீழே சொட்ட வேண்டும். சொட்டவில்லை என்றால் வடிகால் அடைப்பு, தண்ணீர் உள்ளே போகிறது. மிதியடியைத் தூக்கிவிட்டு, அடியிலிருக்கும் கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்துங்கள். ஸ்டெப்னி குழியையும் பாருங்கள். சீட்டுக்கடியிலும் டிக்கித் தரையிலும் கண்ட்ரோல் யூனிட்டுகள் இருப்பதால் ஈரம் அங்கேதான் சேதம் செய்யும். அடைப்பெடுக்கக் காற்றழுத்தம் வேண்டாம், உள்ளே குழாய் கழன்றுவிடும். புல்வெட்டி நைலான் கம்பி போதும்.

பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்க இறங்க சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், பிரேக் என்று சம்பந்தமில்லாத எச்சரிக்கைகள் வரிசையாக எரியும். மற்ற பாகங்களைச் சந்தேகிக்கும் முன் பேட்டரியை அளந்துவிடுங்கள். ஏஜிஎம் வகை பேட்டரி (அமிலம் கண்ணாடியிழை விரிப்பில் ஊறியிருப்பது) இருந்த இடத்தில் ஏஜிஎம்தான். பிஎம்டபிள்யூ போன்றவற்றில் புதிதை மாட்டியபின் ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் பழைய பேட்டரிக்கான கணக்கிலேயே சார்ஜ் செய்துகொண்டிருக்கும். பூட்டிவிட்டுப் போன வண்டி அரைமணி, முக்கால் மணி நேரத்தில் உறங்க வேண்டும். அதன்பின்னும் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் ஏதோ ஒரு யூனிட் விழித்திருக்கிறது. ஃபியூஸ்களின் மேல் மில்லிவோல்ட் அளந்து தேடுங்கள். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தால் மொத்த வண்டியும் விழித்துக்கொள்ளும், ஆரம்பத்திலிருந்து காத்திருக்க வேண்டியதுதான்.

*

தினமும் 5 கிமீ மட்டும் ஓட்டுபவர்கள் டீசல் எடுக்காதீர்கள். டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) தன்னைச் சுத்தம் செய்ய உள்ளே சுமார் 600 டிகிரி வேண்டும். குறுகிய ஓட்டத்தில் அந்த வேலை பாதியில் நின்றுபோகும், அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் இன்ஜின் ஆயிலோடு கலக்கும். ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே போனால் காரணம் இதுதான். வாங்கப்போகும் வண்டியில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் ஸ்கேனரில் கடைசியாக ரீஜெனரேஷன் (அந்தக் கரி எரிப்பு) முடிந்தது எப்போது என்று பாருங்கள், கூடவே சாம்பல் அளவையும். கரியை எரிக்கலாம், சாம்பல் எரியாது. ஃபில்டரை இறக்கிக் கழுவ வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.