பயர்பாக்ஸ் விதிமுறை மாறிய பிறகு: எதை அணைக்க வேண்டும், எங்கே சிக்கும்?

விசைப்பலகை:
2025 பிப்ரவரியில் நடந்ததைப் பற்றி இன்றும் பாதி உண்மையும் பாதி வதந்தியும் கலந்து ஓடிக்கொண்டிருக்கிறது. முதலில் என்ன எழுதினார்கள் என்பதைச் சரியாகப் பார்த்துவிடலாம். அவரவர் கணினிகளில் பார்த்ததைக் கீழே எழுதுங்கள்.

பிப்ரவரி 26 அன்று, பயர்பாக்ஸ் பிரவுசரை உருவாக்கும் மொசில்லா அதற்குப் பயன்பாட்டு விதிமுறைகள் வெளியிட்டது. "முதல் முறையாக" என்று சொன்னார்கள். ஆனால் 2008-இல் உபுண்டு என்ற லினக்ஸில் பயர்பாக்ஸைத் திறந்ததும் ஓர் உரிம ஒப்பந்தம் வந்து நின்றதும், எதிர்ப்பு கிளம்பியதும் அதை எடுத்துவிட்டதும் பழைய லினக்ஸ் ஆட்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு மூலநிரலுக்கு மொசில்லா பொது உரிமம், தரவுக்குத் தனியுரிமை அறிவிப்பு என்று இரண்டே இரண்டுதான் இருந்தன.

புதிய விதியில் எல்லோரும் பிடித்துக்கொண்ட வரி இதுதான்: பயர்பாக்ஸ் வழியாக நீங்கள் பதிவேற்றும், தட்டும் தகவலைப் பயன்படுத்த மொசில்லாவுக்கு உலகம் முழுவதும் செல்லும், கட்டணமில்லாத உரிமம் தருகிறீர்கள். பிரவுசரில் தட்டாத விஷயம் எது இருக்கிறது? வங்கிக் கடவுச்சொல்லும் அதில்தான், மருத்துவரிடம் கேட்கும் கேள்வியும் அதில்தான். கோபம் வந்ததில் தவறே இல்லை. இரண்டு நாளில், பிப்ரவரி 28 அன்று, வரியை மாற்றினார்கள். பயர்பாக்ஸை இயக்கத் தேவையான உரிமை மட்டும், நீங்கள் கேட்டதைச் செய்வதற்காக மட்டும், உள்ளடக்கத்தின் உடைமை மொசில்லாவுக்கு வராது என்று எழுதினார்கள்.

இந்த மாற்றம் நல்லதுதான். என்னைப் பொறுத்தவரை பெரிய இழப்பு வேறு இடத்தில் நடந்தது. கேள்வி பதில் பக்கத்தில் "உங்கள் தரவை விற்கிறீர்களா?" என்ற கேள்விக்கு "இல்லை, விற்றதில்லை, விற்கவும் மாட்டோம்" என்று இருந்த பதிலை அதே வாரம் நீக்கினார்கள். அந்தத் தளத்தின் மூலநிரல் கிட்ஹப் என்ற நிரல் பகிர்வுத் தளத்தில் திறந்திருந்ததால்தான் அந்த நீக்கம் வெளியில் தெரிந்தது. உரிம வரி திருத்தப்பட்டது. அந்த வாக்குறுதி அதே சொற்களில் திரும்பி வரவில்லை.

திண்ணைலினக்ஸ்:
அண்ணா, அந்த வாக்குறுதியை ஏன் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் நுகர்வோர் தனியுரிமைச் சட்டத்தைத்தான் மொசில்லா காரணமாகக் காட்டியது. 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் அந்தச் சட்டத்தில் "விற்பனை" என்றால் காசு வாங்கிக்கொண்டு கொடுப்பது மட்டும் இல்லை. "மதிப்புள்ள வேறு பலன்" எது கிடைத்தாலும் விற்பனைதான். தரவை இன்னொரு நிறுவனத்தின் கைக்கு எட்டும்படி வைத்தாலும் விற்பனைதான்.

இது வெறும் சாக்கு இல்லை. 2022 ஆகஸ்டில் அழகுப்பொருள் நிறுவனமான செஃபோரா இதே வரையறையில் மாட்டி 12 லட்சம் டாலர் கட்டியது. பட்டியல் போட்டு யாருக்கும் விற்றதாக அங்கே குற்றச்சாட்டு இல்லை. தளத்தில் பிற நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல்களை வைத்து, பதிலுக்குப் பகுப்பாய்வும் விளம்பர வசதியும் பெற்றதே விற்பனை என்றது மாநில அரசு.

ஆனால் இந்த விளக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த வரையறைக்குள் வரும் அளவுக்கு மொசில்லா எதையோ பகிர்கிறது என்பதுதான் அது. புதிய தாவலில் வரும் விளம்பரக் குறுக்குவழிகள், முகவரிப் பட்டையில் சில நாடுகளில் வரும் விளம்பரப் பரிந்துரைகள் இரண்டையும் அவர்களே சொல்கிறார்கள். 2024 ஜூனில் அனோனிம் என்ற விளம்பர அளவீட்டு நிறுவனத்தை வாங்கினார்கள். அடுத்த மாதம் வந்த பயர்பாக்ஸ் 128-ஆம் பதிப்பில் விளம்பர அளவீட்டு வசதியைக் கேட்காமலேயே இயக்கி வைத்தார்கள். செப்டம்பரில் நோய்ப் என்ற ஐரோப்பிய அமைப்பு அதன் மேல் ஆஸ்திரியத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் கொடுத்தது. நம்பிக்கை குறைந்தது ஒரே நாளில் இல்லை.

சர்வர்அறை:
விதிமுறை என்ன சொன்னாலும், கணினியிலிருந்து என்ன வெளியே போகிறது என்பதைக் கண்ணால் பார்க்க பயர்பாக்ஸிலேயே வழி இருக்கிறது. முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, டெலிமெட்ரி என்று இடைவெளி இல்லாமல் தட்டுங்கள். ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். டெலிமெட்ரி என்றால் பிரவுசர் தன் பயன்பாட்டு விவரங்களை மொசில்லாவுக்கு அனுப்புவது. வரும் பக்கத்தின் மேலேயே பதிவேற்றம் இயக்கத்தில் இருக்கிறதா, அணைந்திருக்கிறதா என்று தெரியும். இடது பக்கம் தலைப்புகள் இருக்கும். "என்விரான்மென்ட்" பகுதியில் செயலி வகை, ராம் அளவு, இயங்குதளப் பதிப்பு, நிறுவியிருக்கும் நீட்சிகளின் (எக்ஸ்டென்ஷன்) பட்டியல் எல்லாம் இருக்கும். "ஸ்கேலர்ஸ்" பகுதியில் எத்தனை தாவல் திறந்தீர்கள், எத்தனை வெவ்வேறு தளங்களுக்குப் போனீர்கள் என்ற எண்ணிக்கை இருக்கும். எண்ணிக்கைதான் இருக்கும், தளங்களின் பெயர் இருக்காது. பலர் பயப்படுவது போல வரலாறு முழுவதும் போவதில்லை. ஆனால் நீட்சிப் பட்டியலும் வன்பொருள் விவரமும் ஒரு நிலையான அடையாள எண்ணோடு சேர்ந்து போகின்றன. அது வேண்டாம் என்றால் அணைப்பதுதான் முறை.

அணைக்கும் இடம்: செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அங்கே கீழே இறங்கினால் தரவு சேகரிப்புப் பகுதி. தொழில்நுட்ப, பயன்பாட்டுத் தரவு, ஆய்வுகள், நீட்சிப் பரிந்துரைகள், தினசரிப் பயன்பாட்டுச் செய்தி, செயலிழப்பு அறிக்கை என்று தனித்தனியாக டிக் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு வரிசை மாறுகிறது. முதல் டிக்கை எடுத்தால் சில துணை டிக்குகளும் சேர்ந்து போகும். தினசரிச் செய்தி தனி டிக், அது தானாகப் போகாது. பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

இங்கே நிறையப் பேர் தலைகீழாகச் செய்யும் ஒரு காரியம் உண்டு. வீட்டு வலையமைப்பு முழுவதற்கும் முகவரிகளைத் தடுக்கும் பை-ஹோலிலோ, கணினிக்குள்ளேயே தடுக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலோ மொசில்லாவின் டெலிமெட்ரி முகவரியை முதலில் தடுத்துவிட்டு, பிறகு டிக்கை எடுக்கிறார்கள். டிக்கை எடுத்ததும் பயர்பாக்ஸ் "என் பழைய தரவை அழித்துவிடு" என்ற கோரிக்கையை அதே முகவரிக்குத்தான் அனுப்பும். 30 நாட்களுக்குள் அழிப்பதாக மொசில்லா சொல்வது அந்தக் கோரிக்கை போய்ச் சேர்ந்தால்தான். வாசலைப் பூட்டிவிட்டால் கடிதம் எப்படி வெளியே போகும்? முதலில் டிக்கை எடுங்கள், இணையத்தோடு ஒரு நாள் ஓடட்டும், அதன் பிறகு தடுப்பைப் போடுங்கள்.

அணைந்ததா என்பதற்கு அடையாளம் ஒன்று இருக்கிறது. அபவுட் கான்ஃபிக் பக்கத்தில் "கேஷ்டு க்ளையன்ட் ஐடி" என்பதை இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தேடுங்கள். உங்கள் தனி எண் போய், சி, பூஜ்யம், எஃப், எஃப், ஈ, ஈ என்று திரும்பத் திரும்ப வரும் எண் அங்கே இருக்கும். ஆங்கிலத்தில் பார்த்தால் "காபி" என்று எழுதியது போலவே இருக்கும். அணைத்தவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே எண்தான்.

மலைக்காற்று:
போனைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆண்ட்ராய்டு பயர்பாக்ஸில் செட்டிங்ஸ் உள்ளே டேட்டா கலெக்ஷன் என்று தனிப் பக்கம் இருக்கிறது. கணினியில் இல்லாத ஒரு வரி அங்கே உண்டு: மார்க்கெட்டிங் டேட்டா. எந்த விளம்பரத்தைப் பார்த்து நீங்கள் செயலியை நிறுவினீர்கள் என்று கணக்குப் பார்க்க, அட்ஜஸ்ட் என்ற வெளி நிறுவனத்துக்குப் போகும் தகவல் அது. அதை முதலில் அணையுங்கள். கணினியில் எடுத்த டிக் ஒத்திசைவு வழியாகப் போனுக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், வராது. ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாகத்தான் செய்ய வேண்டும்.

மலைக்காற்று:
இன்னொன்றும் சேர்க்கிறேன். மொசில்லாவையே பார்த்துக்கொண்டிருக்கும்போது இது கண்ணில் படுவதில்லை. தேடல் பரிந்துரை இயங்கிக்கொண்டிருந்தால், முகவரிப் பட்டையில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும், என்டர் அழுத்தும் முன்பே, தேடுபொறிக்குப் போகிறது. பெரும்பாலோருக்கு அது கூகுள். செட்டிங்ஸில் சர்ச் பகுதியில் "ஷோ சர்ச் சஜஷன்ஸ்" டிக்கை எடுத்தால் நின்றுவிடும். ஒரு நாளில் வெளியே போகும் தகவலின் அளவைப் பார்த்தால், டெலிமெட்ரியை விட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

ஆய்வகம்32:
பள்ளி, அலுவலகம் என்று பல கணினிகளைப் பார்த்துக்கொள்பவர்கள் ஒவ்வொன்றிலும் டிக் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். பாலிசிஸ் டாட் ஜேசன் என்று ஒரே கோப்பு போதும். விண்டோஸில் பயர்பாக்ஸ் நிறுவிய கோப்புறைக்குள் டிஸ்ட்ரிபியூஷன் என்று ஒரு கோப்புறையை உருவாக்கி அதில் வையுங்கள். லினக்ஸில் ஈடிசி கோப்புறையில் ஃபயர்பாக்ஸ், அதற்குள் பாலிசிஸ் என்ற கோப்புறையில் வையுங்கள். உள்ளே "டிஸேபிள் டெலிமெட்ரி", "டிஸேபிள் ஃபயர்பாக்ஸ் ஸ்டடிஸ்" இரண்டையும் ட்ரூ என்று வைத்தால் அந்த டிக்குகள் சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொள்ளும். பயனர் மாற்ற முடியாது. புதிய தாவலின் விளம்பரங்களுக்கு "ஃபயர்பாக்ஸ் ஹோம்" என்ற பகுதியைச் சேர்க்க வேண்டும். பெயர்களை எல்லாம் இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதணும்.

வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. நோட்பேடில் சேமிக்கும்போது பெயரின் பின்னால் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அதை மறைத்து வைப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தால் நேர் மேற்கோள் குறிக்குப் பதில் வளைந்த குறி வந்துவிடும். கடைசி வரியின் பின்னால் ஒரு காற்புள்ளி மிச்சம் இருக்கும். பயர்பாக்ஸை முழுவதும் மூடித் திறந்து அபவுட் பாலிசிஸ் பக்கத்தைப் பாருங்கள். கோப்பில் பிழை இருந்தால் "எரர்ஸ்" என்று தனிப் பகுதி அங்கே வரும்.

திறமூலன்:
பயர்பாக்ஸ் மூலநிரலை வைத்து வேறொரு குழு கட்டித் தரும் லிப்ரவுல்ஃப் பிரவுசருக்குப் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மொசில்லாவின் விதிமுறை மொசில்லா கட்டித் தரும் நிரலுக்குத்தான், மூலநிரலுக்கு இல்லை. அதே மூலநிரலை எடுத்து வேறொருவர் கட்டித் தந்தால் அந்த விதிமுறை அங்கே வராது. டெலிமெட்ரியும் நீக்கப்பட்டிருக்கும். ஆனால் தொடக்க அமைப்பு மிகக் கடுமையானது. தெரியாமல் போனால் முதல் நாளே வெறுத்துவிடுவீர்கள்.

மூடும்போது குக்கீ எல்லாம் அழியும், அதனால் ஒவ்வொரு முறையும் உள்நுழைய வேண்டும், ஓடிபி வேறு கேட்கும். தேவையான தளங்களுக்கு மட்டும் குக்கீ விதிவிலக்கு கொடுங்கள். தளங்களுக்கு உங்கள் நேர மண்டலத்தை மறைத்து கிரீன்விச் நேரத்தைக் காட்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்களுக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடும். நாட்காட்டித் தளத்தில் காலை 10 மணிச் சந்திப்பு 4.30 என்று தெரியும், முன்பதிவில் தேதியே மாறிப் போகும். அது பழுது இல்லை, கைரேகைத் தடுப்பின் வேலை, அதாவது கணினியின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து உங்களை அடையாளம் காண்பதைத் தடுப்பது. "ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங்" என்பதை அணைத்தால் நேரம் சரியாகும், மறைப்பும் அதோடு போய்விடும். படத் தளங்கள் கேட்கும் டிஆர்எம் என்ற நகல் தடுப்பு வசதியும் அணைந்திருக்கும். போனுக்கு லிப்ரவுல்ஃப் கிடையாது.

முக்கியமான ஒன்று: புதுப்பிப்பு தானாக வருமா என்பது எப்படி நிறுவினீர்கள் என்பதைப் பொறுத்தது. புதுப்பிக்காத லிப்ரவுல்ஃபை விட டிக்குகளை எடுத்த புதிய பயர்பாக்ஸ் பாதுகாப்பானது.

விசைப்பலகை:
திறமூலன் தம்பி சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "புதிய விதியை ஏற்க மாட்டேன், பழைய பதிப்பிலேயே இருக்கிறேன்" என்றவர்களுக்கு 2025 மார்ச் 14 அன்று என்ன ஆனது? நீட்சிகள் உண்மையானவையா என்று சரிபார்க்கப் பயன்படும் மொசில்லாவின் ஒரு வேர்ச் சான்றிதழ் அன்று காலாவதியானது. 128-க்கு முந்தைய பதிப்புகளில், 115.13-க்கு முந்தைய நீண்டகால ஆதரவுப் பதிப்புகளிலும், நீட்சிகள் முடங்கின. விளம்பரத் தடுப்பானும் முடங்கும் நீட்சிகளில் ஒன்றுதான். கண்காணிப்புக்குப் பயந்து பழையதில் நின்றால், அதைத் தடுக்கும் கருவியையே இழப்பீர்கள்.

நிழல்மரம்:
கடவுச்சொற்களை லிப்ரவுல்ஃபுக்கு எப்படி மாற்றுவது? லாகின்ஸ் கோப்பை மட்டும் நகலெடுத்தேன், பட்டியல் காலியாக இருக்கிறது அண்ணா.

திறமூலன்:
லாகின்ஸ் டாட் ஜேசன் பூட்டிய பெட்டி, கீ4 டாட் டிபி அதன் சாவி. இரண்டும் ஒரே புரொஃபைலிலிருந்து (உங்கள் அமைப்புகளும் தரவும் இருக்கும் கோப்புறை) ஒன்றாக வர வேண்டும். அபவுட் சப்போர்ட் பக்கத்தில் புரொஃபைல் கோப்புறை இருக்கும் இடம் தெரியும். இரண்டு பிரவுசரையும் மூடிவிட்டு நகலெடுங்கள். திறந்திருக்கும்போது செய்தால் மூடுகிற நேரத்தில் பழையதே மேலே எழுதப்படலாம். ஸ்னாப் வழியாக நிறுவிய உபுண்டுவில் கோப்புறை வழக்கமான இடத்தில் இருக்காது, முகப்புக் கோப்புறையில் ஸ்னாப் என்பதற்குள் பாருங்கள். கடவுச்சொற்களை சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்தும் மாற்றலாம், ஆனால் அந்தக் கோப்பில் எல்லாம் பூட்டில்லாமல் அப்படியே எழுதப்பட்டிருக்கும். மாற்றி முடித்ததும் அதை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்துவிடுங்கள்.