ஊட்டி மழையில் சைக்கிள் ஷார்ட்ஸ் பேடில் பூஞ்சை வாடை

பிப் ஷார்ட்ஸின் (தோள்பட்டி வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ்) பேடில், அதாவது உட்காருமிடத்து மெத்தையில் மட்டும் ஈரவாடை போகவே மாட்டேன் என்கிறது. நைலான்-எலாஸ்டேன் (இழுபடும் இழை) துணி, ஒரு சென்டிமீட்டர் தடிமன் பேட். ஃபெர்ன்ஹில்லில் வெயிலே இல்லாத மூன்று வாரம். 2 நாள் கொடியில் கிடந்த பிறகும் பேடை அழுத்தினால் உள்ளே சில்லென்று ஈரம். தையலோரம் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள்.

ஓட்டி வந்ததுமே உட்புறம் திருப்பி, 30 டிகிரி தண்ணீரில் அரை மூடி லிக்விட் சோப்பு போட்டு அலசியாச்சு. 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப் வெள்ளை வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்தாச்சு. துண்டில் சுருட்டி அழுத்தி, 10 மணி நேரம் ஃபேன். வியர்வை பட்டதும் வாடை திரும்பிவிடுகிறது. சாஃப்ட்னர் துணியில் படிந்து வியர்வை உறிஞ்சவிடாது. குளோரின் ப்ளீச்சும் ஹீட்டர் சூடும் எலாஸ்டேனைக் கெடுத்துவிடும். அதனால் மூன்றையும் தொடவில்லை.

இந்தத் துணிக்கு ஆக்சிஜன் ப்ளீச் லிட்டருக்கு எத்தனை கிராம் போட்டு, எவ்வளவு நேரம் ஊறவைக்கலாம்?