குயில்டிங் பண்ண எதெல்லாம் நிஜமா வாங்கணும்? 4000 ரூபா தான் இருக்குங்க

பிட்டுத்துணி (கொழிஞ்சாம்பாறை):
எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு கொழிஞ்சாம்பாறை பக்கம், பாலக்காடு ஜில்லாதான், ஆனா வீட்ல தமிழ்தான், துணி நூல் எதுன்னாலும் பொள்ளாச்சி இல்லீனா கோயமுத்தூர் ஒப்பணக்கார வீதிக்கு பஸ் ஏறிருவேன். பத்து வருசமா ஜாக்கெட் தைக்கறேன், வெட்டி மிஞ்சுன பிட்டு மூணு சாக்கு சேந்து கெடக்கு, தூக்கிப்போட மனசே வரல. அக்கா மகளுக்கு ஆவணில பிரசவம், கொழந்தைய கீழ விரிச்சுப் படுக்கப்போட ஒரு ஒட்டுத்துணி குயில்ட் (துண்டுகளச் சேத்து, நடுவுல ஒரு அடுக்கு வெச்சு தெக்கற விரிப்பு) தெச்சுக் குடுக்கணும்னு ஆசை. வீடியோல ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டற வட்ட பிளேடு), வெட்டும்போது அடியில வெக்கற மேட்டு, பத்து வகை ரூலர், வாக்கிங் ஃபுட் (மேல் துணியயும் சேத்து நகத்தற மெஷின் ஃபுட்டு), கலர் கலரா கிளிப்புனு காட்டறாங்க, எல்லாத்தையும் வாங்க நம்மளால ஆகாது. மெஷின் கால் மிதி கருப்பு மெஷின், நேர் தையல் மட்டும்தான். எத வாங்கறது எத விடறது, செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

நகரி நூல்:
அக்கா நான் ஆந்திரா நகரில இருக்கேன், எங்க தெருவுல வீட்டுக்கு வீடு தறி சத்தம்தான், அதனால காட்டன் துணிக்கு பஞ்சமில்ல, குயில்ட் அஞ்சாறு முடிச்சிருக்கேன். என் அனுபவத்துல கட்டர், மேட், ரூலர் மூணும் சேந்துதான் ஒரு சாமான், ஒண்ணு மட்டும் வாங்குனா வீண். கட்டர் 45 மில்லிமீட்டர் பிளேடு எடுங்க, காட்டன் நாலு மடிப்பு ஒரே இழுப்புல வெட்டும், கத்திரில வெட்டும்போது அடித்துணி நகருமே அது இதுல இல்ல. (இந்த கட்டர் ஜப்பான் ஓல்ஃபா கம்பெனி 1979ல கொண்டு வந்தது, அதுக்கு முன்னாடி எல்லாரும் கத்திரிதான்.) ரூலர் ஒண்ணே போதும், 6 இன்ச் அகலம் 24 இன்ச் நீளம். கண்டிப்பா தடிமனான அக்ரிலிக்கா இருக்கணும், பள்ளிக்கூட ஸ்டீல் ஸ்கேல் வெச்சு இழுக்காதீங்க, மெலிசா இருக்கறதால பிளேடு மேல ஏறி விரல்ல வந்துரும், எனக்கு இடது ஆள்காட்டி விரல்ல நாலு தையல் போட்டிருக்கு. ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேட மூடிடுங்க, அது பழக்கமாகணும். மேட்ட வெயில்லயும் வெக்காதீங்க, அது மேல அயர்ன் பண்ணவும் கூடாது, ஒரு தடவ வளைஞ்சா நிமிராது.

கிளிப்பு வேணாம், குண்டூசி போதும். அப்புறம் பிட்டு மூட்டைல டூ பை டூ, காட்டன் மட்டும் பொறுக்குங்க, பட்டுத்துணியையும் சிந்தெட்டிக்கையும் ஒதுக்கிடுங்க, அயர்ன் சூட்டுல சுருங்கும். செவப்பு மெரூன் பிட்ட நனைச்சு வெள்ளத்துணில அழுத்திப் பாருங்க, சாயம் எறங்குனா சேக்காதீங்க, கொழந்த துணி தெனமும் தொவைக்கணும்.

செங்கோட்டை டெய்லர்:
கட்டர் பத்தி அவங்க சொன்னது சரிதான். ஆனா எவ்வளவு நேரா வெட்டுனாலும் தையல்ல விட்டா எல்லாம் போச்சு தாயி. குயில்ட்டுக்கு தையலுக்கு ஓரத்துல துணி விடுறது கால் இன்ச்சு. ஜாக்கெட்ல தாராளமா விட்டே நமக்கு கை பழகிருச்சு. அர நூல் (ஒரு நூல்னா இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு) கூடுச்சுன்னா ரெண்டு பக்கமும் சேத்து ஒரு தையலுக்கு ஒரு நூல் போயிரும், ஒரு வரிசைல ஒம்பது துண்டுன்னா எட்டுத் தையல், எட்டு நூல்னா முழுசா ஒரு இன்ச்சு. அடுத்த வரிசையோட மூலை எப்படிச் சேரும்? அதுக்கு தனி ஃபுட் விக்காங்க, வாங்க வேண்டாம். டேப்ப வெச்சு ஊசிலருந்து சரியா கால் இன்ச்சு அளந்து, ஊசிக்கு அடியில இருக்குத தட்டு மேல இன்சுலேஷன் டேப்ப அஞ்சாறு அடுக்கு ஒட்டிருங்க, துணி விளிம்பு அதுல உரசிக்கிட்டே வரட்டும். மொதல்ல ரெண்டு வேஸ்ட் துண்டுல தெச்சு அளந்து பாத்துக்கோங்க.

வாக்கிங் ஃபுட் நானும் வாங்குனேன், நேர் தையல் மெஷின்ல துணிய நகத்துத பல்லு ஒடுக்கம், ஃபுட்டு அகலம், சரியாக் கவ்வல, அப்படியே டப்பால கெடக்கு. உங்களுக்கும் அதே கததான் வரும். நடுவுல மெத்துமெத்துனு பாலியஸ்டர் பஞ்சு ஷீட் வெச்சாத்தான அந்தப் பாடு, உங்க பாலக்காட்டு வெக்கைக்கு அது என்னத்துக்கு? பழைய டபுள் வேஷ்டி ஒண்ண நாலஞ்சு தடவ தொவச்சத நடுவுல விரிங்க. மேல் துணி, வேஷ்டி, அடித்துணி மூணு மடிப்பையும் சேத்து ஒரு கை அகலத்துக்கு ஒரு ஊக்கு குத்தி, மேல இருக்குத பிரஷர் ஸ்குரூவ கொஞ்சம் லூஸ் பண்ணி, 16 நம்பர் ஊசி போட்டு மெதுவா மிதிச்சா சாதா ஃபுட்டே ஓடும். துண்டு சேக்கும்போது 14 ஊசி. குத்துன ஊக்க எண்ணி எழுதி வச்சிருங்க, கழட்டும்போதும் எண்ணுங்க, ஒண்ணு உள்ள நின்னுட்டா கொழந்த படுக்குத எடம்.

மாடித்திண்ணை:
ஒரே ஒரு வார்த்த குறுக்க பேசறேன். கர்நாடகாவுல உத்தர கன்னடா பக்கம் சித்தினு ஒரு சமூகம் (ஆப்பிரிக்காவுல இருந்து வந்தவங்க வம்சம்), அந்தப் பெண்கள் கவந்தினு ஒரு ஒட்டுத்துணி குயில்ட் தெக்கறாங்க, பழைய சேலை, பழைய துணித் துண்டு, ஊசி, நூல், இவ்வளவுதான். அளவெடுத்த துண்டே கெடையாது, ஓரத்துல ஆரம்பிச்சு துண்ட மடிச்சு வெச்சு ரன்னிங் ஸ்டிச்ல சுத்திச்சுத்தி நடுவுக்கு வருவாங்க, நாலு மூலைலயும் மடிச்ச துணில பூ மாதிரி ஒண்ணு வெச்சாத்தான் முடிஞ்சதா அர்த்தம். எங்க அம்மாச்சியும் பழஞ்சேலைய நாலா மடிச்சு இதே தையல்ல போர்வை பண்ணும், நாப்பது வருசம் கழிச்சு இன்னும் எங்கிட்ட இருக்கு. உங்க கிட்ட இருக்கறது வேற வேற அளவு பிட்டு, அத எல்லாம் சதுரமா வெட்டுனா பாதி மறுபடியும் சாக்குக்கே போகும். நல்ல ஊசி ஒரு பாக்கெட், ஊசி குத்தாம விரலுக்கு மாட்ட ஒரு திம்பிள், நல்ல காட்டன் நூல் வாங்கி ஒண்ணு இப்படி தெச்சுப் பாருங்களேன், அதுக்கப்புறம் கட்டருக்குப் போலாம்.

நகரி நூல்:
@மாடித்திண்ணை அழகுதான், மறுக்கல. ஆனா ஆவணிக்குள்ள கைல முடியணுமே, கடைய வேற பாக்கணும் அவங்க.

பிட்டுத்துணி (கொழிஞ்சாம்பாறை):
ரொம்ப ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். வாக்கிங் ஃபுட் ஆர்டர் போட்டிருந்தேன், இப்பத்தான் கேன்சல் பண்ணுனேன். மூட்டையப் பிரிச்சுப் பாத்தா காட்டன் ஒரு சாக்குதான் தேறுது. நடுப்பகுதிய கட்டர் வாங்கி சதுரமாப் போட்டு மெஷின்ல ஓட்டறேன், நாலு மூலைக்கும் அந்த துணிப்பூவ கையில வெக்கறேன். அப்பா கட்டி நைஞ்ச வேஷ்டி ஒண்ணு பெட்டில இருக்குங்க, அதத்தான் உள்ள வெக்கப்போறேன். டெய்லர் அண்ணா, அர நூல் கணக்க கரெக்டா சொன்னீங்க, நேத்து ராத்திரி நாலு துண்டு சேத்துப் பாத்தேன், அப்படியேதான் கொறஞ்சுது, டேப் ஒட்டியாச்சு.