இன்சுலின் ஊசி மூடி: தாதி அக்காமார், அண்ணன்மார் கொஞ்சம் உதவுங்களேன்

வணக்கம். நான் சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு மாணவன். இன்சுலின் பேனாவில் (பேனா வடிவ ஊசிக் கருவி) திருகும் ஊசிக்குப் பாதுகாப்பு மூடி ஒன்றை வடிவமைக்கிறேன்.

காரணம் ஈசூனில் இருக்கும் என் பாட்டிதான். ஊசி போட்டதும் கை நடுங்க நடுங்க மூடியைத் திரும்ப மாட்டுவார். ஒரு நாள் உதவப் போன அம்மாவின் கட்டைவிரலில் குத்திவிட்டது. 4 மில்லிமீட்டர் ஊசிதான், ஆனால் உள்ளே துளை இருக்கிறதே, அதில் ரத்தம் தங்கும். ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் கிருமி) உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாதவரை இப்படிக் குத்தினால், அது தொற்ற 100க்கு 30 வரைகூட வாய்ப்புண்டு.

என் மூடி தோலில் அழுத்தும்போது பின்னால் போகும். எடுத்ததும் ஸ்பிரிங் தள்ளி, 'டிக்' என்று பூட்டிக்கொள்ளும். சிக்கல் இங்கேதான். மருந்து முழுவதும் இறங்க ஊசியை 10 விநாடியாவது உள்ளே வைத்திருக்க வேண்டும். பாட்டிக்கு நான்காவது விநாடியிலேயே கை எழும்பி, மூடி பூட்டிவிடும். நிஜ ஊசியாக இருந்தால் கொஞ்சம் மருந்து வீணாகிவிடும். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் பூட்டவே மாட்டேன் என்கிறது. அப்புறம், ஊசி முனை தெரியாததால் பாட்டிக்கு நம்பிக்கையே வரவில்லை! (மாதிரியில் ஊசி கிடையாது, பயப்படாதீர்கள்.)

தானாகப் பூட்டும் ஊசியைப் பயன்படுத்திய தாதியர் இருக்கிறீர்களா? முதியவர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்? வீட்டில் போடுபவர்கள் பழைய ஊசியை எதில் சேர்க்கிறீர்கள்? எங்கள் வீட்டில் மைலோ டின்.

சனிக்கிழமை தேக்கா பக்கம் வர முடிந்தால் மாதிரியைக் கொண்டுவருகிறேன், தே தாரிக் என் செலவு.