ஹன்டர் 350, உயரம் 5 அடி: கால் ஊன்ற எதைக் குறைக்கலாம், எதைத் தொடக்கூடாது?

நிலா_152

உயரம் 152 செ.மீ., வெறுங்காலில் உள்கால் நீளம் 68 செ.மீ., எடை 50 கிலோ. வண்டி ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350, சீட் உயரம் 790 மி.மீ. இரண்டு காலும் விரல் நுனிதான் தரையில் படுது. ஓடும்போது ஒரு தொந்தரவும் இல்லை. சிக்னல்ல நிக்கும்போதும் பார்க்கிங்ல பின்னால தள்ளும்போதும்தான் சிக்கல். கிளட்ச் லிவரும் விரலுக்குச் சரியா எட்டல.

மெக்கானிக் பின் ஷாக்கை ஒரு இன்ச் குட்டையாக்கிடலாம்ங்கறார். குஷன் கடைக்காரர் சீட்டை வெட்டினா போதும்ங்கறார். எதை முதல்ல செய்யணும்? வாரத்துல ரெண்டு நாள் பின்னால அம்மா உட்காருவாங்க, அதையும் கணக்குல எடுத்துச் சொல்லுங்க.

---

ஸ்பேனர்14

790ங்கற எண்ணை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. அது ஆள் உட்காராதபோது தரையிலிருந்து சீட்டின் தாழ்ந்த புள்ளி வரைக்கும் உள்ள உயரம். உங்க கால் நேரா கீழே இறங்கறதில்ல, சீட் ஓரத்தைச் சுத்திக்கிட்டு இறங்குது. அதனால தையல் டேப் எடுத்து ஒரு பக்கத் தரையிலிருந்து சீட் மேல ஏத்தி மறுபக்கத் தரைவரை அளங்க. பி.எம்.டபிள்யூ. தன் பைக் விவரத்துல சீட் உயரத்தோட இந்தச் சுற்றளவையும் சேர்த்தே போடுது. ஒரே சீட் உயரம் உள்ள ரெண்டு வண்டியில ஒண்ணு எட்டும், இன்னொண்ணு எட்டாது. முன்பக்க அகலம்தான் காரணம்.

உங்க கணக்கு: 68 செ.மீ. காலும் 3 செ.மீ. ஷூவும் சேர்ந்தா 71. நுனிக்காலில் நின்னா இன்னும் 8, 9 செ.மீ. கிடைக்கும். சீட் 79, நீங்க உட்கார்ந்தா ஒரு 2 இறங்கும், ஆக 77. நுனி மட்டும் படறதுக்கு இதுதான் கணக்கு. ரெண்டு பாதமும் முழுசா பதியணும்னு இலக்கு வைக்காதீங்க, 71-க்கும் 77-க்கும் நடுவுல உள்ள அந்த 6 செ.மீ.யை இந்த வண்டியில கெடுதல் இல்லாம எடுக்க முடியாது. ரெண்டு காலின் முன்பாதமும் உறுதியா படணும், இல்லேன்னா இடது பாதம் ஒண்ணு முழுசா பதியணும். அது போதும், அது கிடைக்கும்.

காசு செலவில்லாத முதல் வேலை ப்ரீலோட், அதாவது ஆள் ஏறறதுக்கு முன்னாலயே ஸ்பிரிங்கை எவ்வளவு அழுத்தி வைக்கறதுங்கற செட்டிங். பின் ஷாக் ரெண்டிலும் 6 படி இருக்கு. எந்தப் படியில நிக்குதுன்னு பாருங்க. கொக்கி ஸ்பேனரால ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி முதல் படிக்கு இறக்குங்க. ஒரு பக்கம் 1, மறுபக்கம் 3ன்னு விட்டுடாதீங்க. இந்த ஸ்பிரிங் பின்னால ஆள், சுமை எல்லாம் சேர்த்துத் தாங்க அமைச்சது. 50 கிலோ ஆள் தனியா உட்கார்ந்தா அது சரியா அமுங்கறதே இல்ல. எடை குறைஞ்சவங்களுக்கு எல்லா வண்டியும் ப்ரோஷர்ல இருக்கறதைவிட உயரமாத் தோணறது இதனாலதான்.

அமுங்கறதை அளந்து பாருங்க. ஒருத்தர் வண்டியைப் பின்னால தூக்கிப் பிடிக்க, ஆக்சில் மையத்திலிருந்து நேர் மேலே சீட் அடியில ஒட்டின டேப் வரை ஒரு அளவு. நீங்க முழு உடையோட உட்கார்ந்து இன்னொரு அளவு. வித்தியாசம் 25 முதல் 30 மி.மீ. வந்தா நல்லது. பின் சஸ்பென்ஷன் மொத்தமே 102 மி.மீ.தான் நகரும். 15தான் வந்தா ஸ்பிரிங் உங்களுக்கு ரொம்ப கடினம்னு அர்த்தம். அம்மா ஏறும் நாள்ல 3 அல்லது 4-ம் படிக்கு ஏத்துங்க, இல்லேன்னா வேகத்தடையில அடி தட்டும்.

---

குஷன்_நூல்

அடுத்தது சீட். வெட்டத் தெரிஞ்ச கடைக்காரர்னா 20 முதல் 25 மி.மீ. எடுக்கலாம். ஆனா எங்கே வெட்டறதுங்கறதுதான் விஷயம். பெரும்பாலான கடையில நடுவுல கிண்ணம் மாதிரி குடைஞ்சு கொடுத்துடுவாங்க. உட்காரும்போது தாழ்வாத்தான் தெரியும். ஆனா பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டேங்க் பக்கம் வழுக்கும், அரை மணி நேரத்துல வால் எலும்பு வலிக்கும்.

செய்ய வேண்டியது இது. வண்டியில உட்கார்ந்து, தொடை சீட் ஓரத்துல எங்கே உரசுதோ அங்கே ரெண்டு பக்கமும் மார்க்கர்ல கோடு போடச் சொல்லுங்க. கவரைப் பிரிச்சதும் அந்தக் கோட்டை ஃபோம் மேல மாத்திக்கணும். உட்காரும் இடத்திலிருந்து முன்னால மட்டும், ரெண்டு ஓரத்தையும் 45 டிகிரி சாய்வுல 15 முதல் 20 மி.மீ. சீவணும். பின்னால அகலத்தைத் தொடவே கூடாது. உட்காரும் எலும்புகள் ரெண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெண்களுக்குப் பொதுவா அதிகம், அந்த இடம் குறுகினா எடை முழுக்க ஓரத்துல விழும். மேல்பரப்பை அதுக்கப்புறம் எடுங்க, ஒரு தடவைக்கு 5 மி.மீ.க்கு மேல வேண்டாம். கவரை டேப்பால தற்காலிகமா ஒட்டி உட்கார்ந்து பார்த்துட்டு அடுத்த 5. எலும்புக்கு நேர் கீழே சீட்டோட கெட்டியான அடித்தட்டு (பான்) வரை 45 மி.மீ. ஃபோம் கட்டாயம் மிஞ்சணும். அதுக்குக் கீழே போனா மேல் 15 மி.மீ.யை மட்டும் எடுத்துட்டு ரீபாண்ட் ஃபோம் (துண்டு ஃபோமை அழுத்தி ஒட்டிச் செஞ்சது) ஒட்டுங்க. அது அடர்த்தி அதிகம், சீக்கிரம் படுக்காது. ஜெல் பேடு வேணும்னு கேட்டா அதன் தடிமனுக்குக் குழி வெட்டிப் பதிக்கணும். மேல வச்சா குறைச்ச உயரம் திரும்ப ஏறிடும்.

ரம்பப் பிளேடால வெட்டிட்டு, மேடு பள்ளத்தை மணல் தாளில் தேய்ச்சுச் சமன் பண்ணணும். மேடு விட்டா கவர் வழியா தெரியும், உட்கார்ந்தாலும் உறுத்தும். ஃபோமுக்கும் கவருக்கும் நடுவுல மெல்லிய பாலிதீன் ஷீட் போடச் சொல்லுங்க, மழைநீர் தையல் வழியா உள்ளே போனா ஃபோம் நாள் முழுக்க ஈரமா இருக்கும். உட்காரும் இடத்துல தையல் வரவே கூடாது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்காத எஃகுல 6 மி.மீ. போதும்.

இன்னொண்ணு: கம்பெனி சீட்டை வெட்டாதீங்க. பழைய சீட் ஒண்ணு வாங்கி அதுல வேலை செய்யுங்க. வெட்டினது பிடிக்கலேன்னா திரும்ப வழி இருக்கும்.

---

ரோட்டோரம்

இவ்வளவு எதுக்கு? பின்னால ஒரு இன்ச் குட்டை ஷாக் போட்டா ஒரு மணி நேர வேலை. கால் நல்லா படும். லோயரிங் பண்ணின வண்டி ஊர்ல எத்தனை ஓடுது.

---

ஸ்பேனர்14

@ரோட்டோரம் ஓடுது, சரி. கணக்கையும் பாருங்க. சீட் பின் சக்கரத்துக்கு மேல இல்ல, அதுக்கு முன்னால இருக்கு. பின் சக்கரப் பக்கம் 25 மி.மீ. இறங்கினா உட்காரும் இடத்துல கிடைக்கறது அதுல மூணுல ரெண்டு பங்கு, கிட்டத்தட்ட 16 மி.மீ. அதே 16-ஐ ஃபோம்ல ஒரு கெடுதலும் இல்லாம எடுத்துடலாம்.

அதுக்குக் கொடுக்கற விலை இது: வீல்பேஸ் (ரெண்டு சக்கர மையத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) 1370 மி.மீ., பின்னால 25 இறங்கினா வண்டி ஒரு டிகிரி பின்னால சாயும். முன் சக்கரத்தைப் பிடிக்கற ஃபோர்க் அந்த ஒரு டிகிரி படுத்துக்கும், மெதுவா போகும்போது ஹேண்டில் கனத்துப் போய் வளைவுல விழற மாதிரி இருக்கும். நிறுத்தறதும் தள்ளறதும்தானே இவங்களுக்கு ஏற்கெனவே சிரமம்? ஹெட்லைட் 10 மீட்டர் தள்ளி 18 செ.மீ. மேலே அடிக்கும், எதிர்ல வர்றவர் கண்ணுல. சைடு ஸ்டாண்ட் நீளமாயிடும். வண்டி நிமிர்ந்தே நிக்கும், வலப்பக்கம் சரிவிருந்தா லேசா தட்டினாலும் விழும். ஸ்டாண்டை வெட்டி வெல்டிங் பண்ணணும். செயின் தளர்வும் மாறும், திரும்ப வைக்கணும். இதெல்லாத்துக்கும் மேல, பின்னால ஆள் ஏறி முழுசா அமுங்கும்போது டயர் ஃபெண்டர்ல (மட்கார்டுல) உரசும். வேகத்தடை தாண்டும்போது கேட்கிற அந்தக் 'கர்ர்' சத்தம் அதுதான்.

அப்படியும் செய்றதுன்னா 15 மி.மீ.க்கு மேல வேண்டாம். முன்னால ஃபோர்க் குழாயை, அதைப் பிடிச்சிருக்கற டி-ஸ்டெம் கிளாம்புல 10 மி.மீ. மேலே ஏத்திச் சமன் பண்ணணும். ரெண்டு பக்கமும் வெர்னியர் வச்சு ஒரே அளவு, போல்ட் சர்வீஸ் மேனுவல் சொல்ற முறுக்கு அளவுல (டார்க்). ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு சஸ்பென்ஷனைக் கடைசிவரை அமுக்கி டயர், ஃபெண்டர், பிரேக் ஹோஸ் எதுவும் உரசலையான்னு பார்க்காம ரோட்டுக்கு எடுக்காதீங்க. இன்னொரு விஷயம், மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொல்லியிருக்கு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரர் முதல்ல பார்க்கற இடம் இதுதான்.

சின்ன டயர் போட்டு இறக்கலாம்ங்கற யோசனையை யாராவது சொன்னா காதுல போட்டுக்காதீங்க. ஸ்பீடோமீட்டர் தப்பா காட்டும், ஏ.பி.எஸ். கணக்கும் கெடும்.

---

முதல்கியர்_அக்கா

நிலா, மிஷின் பக்கம் இவங்க சொன்னது போதும், கால் பக்கம் நான் சொல்றேன்.

ஷூ. குதிகால் உயரமா இருக்கற ஷூ வாங்காதீங்க, தரையில படறது முன்பாதம்தான். கணுக்கால் மூடின ரைடிங் ஷூ ஒண்ணை வாங்கி, செருப்பு தைக்கறவர்கிட்ட அடி முழுக்க 15 மி.மீ. எம்.சி.ஆர். (நுண்துளை உள்ள மெத்து ரப்பர்) ஷீட் ஒட்டி, சுத்தித் தையலும் போட்டு வாங்குங்க. சர்க்கரை நோயாளிகளுக்குச் செருப்பு செய்யற அதே மெட்டீரியல்தான், சொன்னா புரிஞ்சுக்குவாங்க. அது ஈரத்துல வழுக்கும், அதனால கடைசி அடுக்கு கோடு போட்ட கெட்டி ரப்பரா இருக்கணும். 20-ஐத் தாண்டினா பாதத்துக்கு கியர் லிவர் தெரியாமப் போகும். சோல் ஏத்தினதும் கியர் லிவரைக் கொஞ்சம் உயர்த்தியாகணும். லிவரை கியர்பாக்ஸோட இணைக்கற லிங்க் ராடின் ரெண்டு லாக் நட்டையும் தளர்த்தி ராடைத் திருப்பினா ஏறும். ஒரு நட்டு எதிர்த்திசை மரையா இருக்கலாம், சுத்தலேன்னா பலமா முறுக்காதீங்க.

நிக்கற முறை. ரெண்டு காலையும் ஊன்றப் பார்க்கறதை இன்னைக்கே விட்டுடுங்க. நிக்கறதுக்கு முன்னாலயே இடுப்பை இடப்பக்கம் 5 செ.மீ. நகர்த்தி, இடது பாதம் முழுசா ஊன்றி, வலது கால் பிரேக்குலயே இருக்கட்டும். மேட்டுலயும் இதேதான், பிரேக்கை விடாமலே கிளட்ச் விடலாம். முன் பிரேக்கை ஹேண்டில் திரும்பினபடி பிடிச்சு நிறுத்தாதீங்க. நின்ன இடத்துல வண்டி பல தடவை விழறது அப்படித்தான்.

பலபேர் கவனிக்காத ஒண்ணு: நம்ம ரோடு நடு உயர்ந்து ரெண்டு ஓரமும் தாழ்ந்து இருக்கும். நாம போறது இடப்பக்கம், அதனால இடது கால் ஊன்றற தரை வண்டி நிக்கற தரையைவிட ஒரு செ.மீ. வரைக்கும் கீழேதான் இருக்கும். தார் முடிஞ்சு மண் தொடங்கற இடத்துல அது 5 செ.மீ. கூட ஆகும். சிக்னல்ல ஓரம் ஒதுங்காம உங்க லேனோட நடுவுல நில்லுங்க. கொத்தின ரோடு, மணல், ஆயில் கொட்டின இடம் இதெல்லாம் 10 மீட்டர் முன்னாலயே கண்ணுல படணும். எங்கே கால் வைக்கப் போறீங்கன்னு பார்த்துட்டு நிறுத்துங்க.

பார்க்கிங். சுவரைப் பார்த்து இறக்கத்துல நேரா விட்டா திரும்ப எடுக்கவே முடியாது. 181 கிலோவை நுனிக்கால்ல பின்னால தள்ளறது பலசாலிங்களுக்கே வராது. இறங்கிடுங்க. வண்டிக்கு இடப்பக்கம் நின்னு, வலது இடுப்பை டேங்க்ல சாய்ச்சு, இடது கை ஹேண்டில்ல, வலது கை பின்னால கிராப் ரெயில்ல. நியூட்ரல்ல பின்னால நடத்துங்க. மூக்கு வெளியே பார்க்கற மாதிரி விடறதைப் பழக்கமாக்குங்க.

விழுந்த வண்டியைத் தூக்க: கில் சுவிட்ச், முதல் கியர். வலப்பக்கம் விழுந்திருந்தா முதல்ல சைடு ஸ்டாண்டை இறக்குங்க. சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கை ஹேண்டில் கிரிப், ஒரு கை பின் ஃபிரேம், காலால தள்ளிச் சின்னச் சின்ன அடியா பின்னால நடங்க. கையால தூக்காதீங்க, முதுகு போயிடும்.

---

நிலா_152

எல்லோருக்கும் நன்றி. ப்ரீலோட் பார்த்தேன், 4-ல இருந்தது, 1-க்கு இறக்கியாச்சு. ஒரு கால் ஊன்ற இப்பவே பரவாயில்ல. பழைய சீட் தேடறேன், ஷாக்கைத் தொடல. கிளட்ச் பத்தி யாரும் சொல்லலையே?

---

ஸ்பேனர்14

மன்னிக்கணும், விட்டுப்போச்சு. முதல்ல ஹேண்டில் பார் கிளாம்ப் போல்ட் நாலையும் தளர்த்தி, பாரை உங்க பக்கம் 3, 4 டிகிரி சுத்துங்க. சுவிட்ச் பெட்டிக்குள்ள ஒரு பின் பாரில் உள்ள துளையில உட்கார்ந்திருக்கும், அதனால பெட்டியைத் தனியா திருப்பப் பார்க்காதீங்க, பின் உடையும். பாரோடவே வரட்டும். அதுக்கப்புறம் லிவர் ஹோல்டரை மட்டும் கீழே திருப்பி, முழங்கையும் விரலும் ஒரே கோட்டுல வர்ற மாதிரி வைங்க. ரெண்டு பக்கமும் முழுசா ஹேண்டிலைத் திருப்பி, ஐடிலிங் ஏறுதான்னு பாருங்க. ஏறினா ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுது.

அப்புறமும் எட்டலேன்னா 6 படி வச்ச அட்ஜஸ்டபிள் லிவர். ஹன்டருக்குன்னே செஞ்சதா பாருங்க. மலிவான வார்ப்பு லிவர் கீழே விழுந்தா வளையாது, முறிஞ்சுடும். கிளட்ச் சுவிட்சை அது சரியா அமுக்கணும், இல்லேன்னா கியர்ல இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாது. கேபிளுக்கு ஆயில் விட்டா இழுப்பும் லேசாகும். ஃப்ரீ பிளே (கேபிள் இழுபடறதுக்கு முன்னால லிவர் சும்மா ஆடற தூரம்) லிவர் வேர்ப் பக்கம் 2 முதல் 3 மி.மீ. லிவர் கைக்குக் கிட்ட வரட்டும்னு பிளேயைக் கூட்டினா கிளட்ச் முழுசா விடாது, நியூட்ரல் கிடைக்காது. பிளே இல்லாம விட்டா பிளேட் தேயும்.

தடிமனான ஃபோம் கிரிப் போட்டிருந்தா கழட்டிடுங்க, சின்னக் கைக்கு அது ஒண்ணே ஒரு செ.மீ. தூரத்தைக் கூட்டும்.